மூவாள்

அவிநாசிக்கு வெளியே, பைபாஸ் பிரிகிற இடத்தில்
எங்கள் பனியன் கம்பெனி.
டைம் ஆபீஸ் சன்னலுக்கு உள்பக்கம் நான்,
இருபத்திரண்டு வருஷமாக.
எட்டரைக்கு டோக்கன் வாங்கி வருகை எழுதுவேன்.
கண்ணாடி நாலு தரம் மாற்றியாயிற்று.

ஜெர்மனிக்காரர் ஆடிட்டுக்கு வந்தார்.
பழைய பேரேடு, புதுப் பேரேடு எல்லாம் புரட்டி
வயசுப் பத்தியில் விரல் வைத்து இறங்கினார்.
பத்தொன்பது, இருபது, பத்தொன்பது, இருபத்தொன்று.
கூட வந்த பையனிடம் என்னவோ கேட்க
அவன் என் பக்கம் திரும்பி,
"இங்க ஆருக்கும் வயசே ஆகறதில்லீங்களான்னு
கேக்கறாருங்க."
முதலாளி சிரித்தார். டீ வந்தது. கையெழுத்தாயிற்று.

கேள்வி மட்டும் என் மேசையில் கிடந்தது,
யாரோ மறந்துவிட்டுப் போன குடை மாதிரி.

இவர்களை என்னவென்று சொல்வது?
இளையோர் என்றால் அது
என்றைக்கோ கிழவராகப் போகிறவர்களுக்கான சொல்.
நரையிலி, தலைச்சாயம் விற்கிறவன் வைக்கிற பெயர்.
மூப்பிலி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால்
திப்பிலிக்குத் தங்கச்சி போலக் கேட்கும்.
சளிக்கு இடித்துக் குடித்துவிடுவார்கள்.
சிரஞ்சீவி கல்யாணப் பத்திரிகைக்குப் போய்விட்டான்,
அதுவும் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம்.

தம்பி மகன் குரூப் டூ பரீட்சைக்கு
ராத்திரி சத்தம் போட்டுப் படிக்கிறான்.
அந்தக் காலத்தில் கோயில் விளக்கு எரிய
தொண்ணூறு ஆடு விடுவார்களாம்.
ஒன்று செத்தால் ஒரு குட்டி அந்த இடத்துக்கு.
கல்லில் எப்போதும் தொண்ணூறு.
சாவா மூவாப் பேராடு என்று பெயர்.
கிரைண்டரை நிறுத்திவிட்டு
இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன்.

டோக்கன் 1147.
முதலில் முத்துப்பேச்சி, உசிலம்பட்டி.
அவள் நின்றதும் வத்தலக்குண்டு ஆரோக்கியசெல்வி.
இப்போது மாமாலி, ஒடிசாவில் கஞ்சாம் ஜில்லா,
தமிழில் 'சாப்டியா' மட்டும் தெரியும்.
தகரம் அதேதான். துளை அதேதான்.
வயசு பத்தொன்பது.

சம்பளச் சீட்டின் பின்பக்கம்
மூவாள் என்று எழுதிப் பார்த்தேன்.
மூப்படைய மாட்டாள் என்று படிக்கலாம்.
மூன்று ஆள் என்றும் படிக்கலாம்.
கெட்டிக்காரி என்று
என்னை நானே மெச்சிக்கொண்டு
பேனாவை மூடினேன்.
அப்புறம் தூக்கம் வரவில்லை.

எங்கள் ஊர்க் கதையில் ஒரு முதலை உண்டு.
குளத்தில் குளித்த பிள்ளையை விழுங்கிற்று.
கேட்கிற விதத்தில் கேட்டபோது கக்கியதாம்,
நடுவில் போன வருஷங்களின் வளர்த்தியையும் சேர்த்து.
சின்ன வயசில் அதைக் கேட்டுப் பயந்தேன்.
இப்போது தோன்றுகிறது,
அது கணக்கு வைத்திருந்த முதலை.

போன வாரம் சந்தையில்
சின்ன வெங்காயக் குவியலுக்கு அந்தப் பக்கமிருந்து
"ஏனுங்க்கா, அடையாளந் தெரியலீங்களா?"
காதோரம் நரை. முன்பல் ஒன்று இல்லை.
பேச்சில் எங்கள் ஊர் 'ங்' ஏறியிருந்தது.
"ஆயிரத்து நூத்தி நாப்பத்தேழுங்க்கா."

சேவூரில் வாக்கப்பட்டு, ரெண்டு பையன்கள்,
பெரியவன் லாரி ஓட்டுகிறான்.
அவள் சொல்லச் சொல்ல
அந்த நரையைத் தொட்டுப் பார்க்கணும் போல இருந்தது எனக்கு.
கைப்பையில் அந்தச் சீட்டு இருந்தது.
எடுக்கவில்லை.

"இப்ப நம்ம நம்பர்ல ஆருங்க்கா?"
சொன்னேன்.
தராசுத் தட்டு நிற்கிற வரை பேசாமல் இருந்தாள்.
"அதே மிசினுங்களா?
எடது பக்கம் சித்தே இழுக்குமுங்க.
துணியத் தளத்திப் புடிக்கச் சொல்லுங்க
அந்தப் புள்ளைகிட்ட.
எனக்கு ஆரும் சொல்லல."

தளத்தி என்பதற்கு ஒடியாவில்
என்ன வார்த்தை என்று
திங்கட்கிழமை
யாரையாவது கேட்க வேண்டும்.